கூரை போட்ட குச்சி

உவர் ஏரிக்கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்திய உமையாள் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சீடர் மருதப்பனுக்கோ அறுபது. கொத்தனார் வேலை பார்த்தவர். சுவர் மட்டம் பார்ப்பதில் புலி, கோபத்தில் அதைவிடப் பெரிய புலி.

அந்தக் கோபம்தான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. மகன் சேந்தன் கட்டிய சுவர் கோணலாகப் போனதைப் பார்த்து, கையிலிருந்த பூச்சுக் கரண்டியை அவன்மேல் வீசிவிட்டார். நெற்றி பிளந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அது தாங்காமல் கிளம்பி வந்தவர், எத்தனையோ மழைக்காலம் போயும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வந்த அன்றே அம்மா இரண்டு கருவேலங்குச்சிகளைக் கொடுத்து ஏரியில் நட்டு வைக்கச் சொன்னார். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

அந்த ஏரியில் முழங்கால் ஆழம்கூடக் கிடையாது. தண்ணீரைத் தொட்டால் சோப்பு கரைத்ததுபோல விரல் வழுக்கும். வெயிலில் வற்ற வற்ற, அதில் நிற்கும் எதன்மேலும் வெள்ளையாக ஒன்று படியும். பொறுத்திருந்தால் அது கல்லாகும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஓகோ, இதுதான் நமக்கு வைத்த பரீட்சை என்று மருதப்பன் முடிவு கட்டிவிட்டார்.

முதல் மழை வந்தது. வாய்க்கால் வழியே நல்ல தண்ணீர் புகுந்து, இரண்டு குச்சியிலும் படிந்த வெள்ளையைக் கரைத்தது. புதுப்பூச்சில் மழை பட விட்டால் அவர் என்ன கொத்தனார்? தன் குச்சியைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டினார். மேலே தென்னங்கீற்றில் கூரையும் போட்டார். கோடையில் ஏரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு உள்ளே ஊற்றினார். ஏரிக்குள் ஒரு குச்சிக்கு வீடு கட்டிய மனிதரை ஊரே வேடிக்கை பார்த்தது. அம்மாவும் பார்த்தார்.

வருடா வருடம் அவர் குச்சி பருத்துக்கொண்டே போனது. அம்மாவுடையது நோஞ்சானாகவே நின்றது. மருதப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

சித்திரையில் ஒருநாள் காலை, மருமகள் பேச்சி வந்து நின்றாள். சேந்தன் சொந்தமாக வீடு கட்டுகிறானாம். வெள்ளிக்கிழமை வாசக்கால் வைக்கிறார்களாம்.

"நீங்கதான் வைக்கணுமாம் மாமா. நீங்க வரலைன்னா வாசக்காலே வேணாங்கிறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

மருதப்பன் அவளை வேப்பமரத்தடியில் நிற்க வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினார். மகனைப் பார்க்க உயிர் துடிக்கிறது, அவன் கட்டிய சுவரைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது என்றார். போன வாரம்கூட, மடத்து அடுப்பைப் பூசிக்கொண்டிருந்தபோது சமையற்காரர் ஈரத்தில் கை வைத்துவிட்டார் என்று கத்தித் தீர்த்ததைச் சொன்னார்.

"சேத்து வச்ச பொறுமையெல்லாம் அன்னைக்கே கரைஞ்சு போச்சு. நான் எப்பம்மா கெட்டிப்படுவேன்?"

"ரெண்டு குச்சியையும் பிடுங்கிட்டு வாங்க மேஸ்திரி," என்றார் அம்மா.

கொண்டுவந்தார். தன்னுடையதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கரையில் கிடந்த பாறையில் தட்டிப் பார்க்கச் சொன்னார் அம்மா.

உடைந்தால் அம்மாவுக்கு மனசு கஷ்டப்படுமே என்று அம்மாவுடைய குச்சியை முதலில் மெதுவாகத் தட்டினார். கணீரென்றது. ஓங்கித் தட்டினார். பாறையில்தான் தழும்பு விழுந்தது.

பிறகு தன்னுடையதைத் தட்டினார். மாவு மூட்டை அவிழ்ந்தது மாதிரி எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் வெறும் கருவேலங்குச்சி மிஞ்சியது.

மருதப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். சுண்ணாம்போடு ஆயுளைக் கழித்தவருக்கு, அது வெறும் உப்பு, கல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இதை மழையே தொடலையேம்மா."

"தொடலை."

"உங்களுதை வருஷா வருஷம் கரைச்சுதே."

"கரைச்சுது."

"கரைஞ்சது எப்படிம்மா கல்லாகும்?"

அம்மா தன் குச்சியை அவர் கையில் கொடுத்தார். "ஒவ்வொரு மழைக்கும் கரையாம நின்னது கொஞ்சம் இருக்கும். அதுமேலதான் அடுத்தது படிஞ்சுது."

அவருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. குச்சியைப் பற்றிக் கேட்கவா வந்தோம்? பேச்சி அங்கே நிற்கிறாள். போவதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

"போனா கோபம் வரும்மா," என்றார்.

"வரும்."

"கையில பூச்சுக் கரண்டி இருக்கும்."

"போன வாரம் அடுப்படியில கத்துனீங்களே, அப்பவும் கையில கரண்டி இருந்துச்சே. அதை என்ன பண்ணீங்க?"

மருதப்பன் யோசித்தார். அதை அவர் இதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

"கீழ வச்சேன்," என்றார் மெதுவாக. "கீழ வச்சிட்டுத்தாம்மா கத்துனேன்."

ஏரிக்குள் குச்சி இல்லாத இடத்தில் கீற்றுக் கூரை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அம்மா அதைக் காட்டினார்.

"அதைப் பிரிச்சுப் போட்டுட்டுக் கெளம்புங்க மேஸ்திரி. மருமக ரொம்ப நேரமா நிக்குது."