தன் கழுத்தைத் தேடிய மணிப்புறா

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக்கு என் சோற்றில் உப்பே இல்லாமல் போகட்டும்.

ஒரு காட்டில் ஒரு கள்ளிப் புதர் இருந்தது. அதில் ஒரு மணிப்புறா கூடு கட்டியிருந்தது. கூடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலைந்து குச்சி, அவ்வளவுதான். கீழே நின்று பார்த்தாலே உள்ளே இருக்கும் இரண்டு முட்டைகளும் தெரியும்.

அந்தப் பக்கம் வந்த ஒரு செம்போத்துப் பறவைக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முட்டை என்றால் உயிர். ஆனால் புறா எழுந்தால்தானே?

"யாரம்மா நீ? அடுத்தவள் கூட்டில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று அதட்டியது செம்போத்து.

"நான் மணிப்புறா, அண்ணே. இது என் கூடுதான்."

"மணிப்புறாவா! மணிப்புறாவுக்குக் கழுத்தில் கறுப்புப் பட்டையும், அதில் வெள்ளை வெள்ளையாய் மணிகளும் இருக்குமே. உனக்கு எங்கே? காட்டு, பார்ப்போம்."

புறா குனிந்து மார்பைப் பார்த்தது. மணி இல்லை. எல்லாம் பிடரியில் அல்லவா இருந்தன! வலப்பக்கம் திரும்பியது; கழுத்தும் கூடவே திரும்பியது. இடப்பக்கம் சுற்றியது, கழுத்தும் சுற்றியது. தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

"அண்ணே, நேற்றுவரைக்கும் நான் மணிப்புறாதான்..."

"நேற்று யார் பார்த்தார்கள்? முட்டைக்காரி வந்தால் கொத்தியே கொன்றுவிடுவாள். ஓடு!"

'அப்படியானால் நான் யார்? யார் முட்டைக்கு இத்தனை நாள் சூடு கொடுத்தேன்?' என்று குழம்பியபடி, தண்ணீரில் பார்க்கலாம் என்று புறா குளத்துக்குப் பறந்தது. தண்ணீரிலும் முன்பக்கம்தான் தெரிந்தது. அழுகை வந்தது. தாகமும் வந்தது. அலகைத் தண்ணீரில் வைத்து, தலையைத் தூக்காமல் உறிஞ்சியது.

குளத்தில் கிடந்த எருமை மெதுவாக வாய் திறந்தது. அதற்கு எதிலும் அவசரம் கிடையாது.

"மணிப்புறா, எனக்கும் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வை."

"அத்தை! நான் மணிப்புறாவா?"

"பின்னே, மயிலா?"

"என் கழுத்தில் மணி தெரிகிறதா?"

"அதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியாது, பெண்ணே. இந்தக் காட்டில் மற்றப் பறவைகள் ஒரு வாய் அள்ளி, வானத்தைப் பார்த்து விழுங்கும். உங்கள் கூட்டம் மட்டும்தான் என்னைப்போலக் குனிந்த தலை நிமிராமல் உறிஞ்சும்."

"நான் எப்போதுமே இப்படித்தானே குடிக்கிறேன்!"

"அதைத்தான் சொல்கிறேன்."

புறா படபடவென்று இறக்கை தட்டி நேர் மேலே எழும்பியது. அங்கிருந்து சரிந்து புதருக்குள் இறங்கியது. செம்போத்து அப்போதுதான் கூட்டில் ஒரு காலை வைத்திருந்தது. அந்தக் கனத்தை நாலு குச்சி தாங்குமா? கூடு சாய்ந்தது. ஒரு முட்டை விளிம்புக்கு உருண்டது.

"ஏய், மணி எங்கேடி?"

"முதுகில் இருக்கிறதோ, மரத்தில் தொங்குகிறதோ, எனக்குத் தெரியாது. முதலில் காலை எடு!"

இறக்கையால் விட்டது பாருங்கள் ஓர் அறை! செம்போத்து மூன்று காடு தாண்டிப் போய் விழுந்தது. விழுந்த இடத்தில்தான் இன்றைக்கு ஏரி இருக்கிறது.

புறா முட்டையை அலகால் உள்ளே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டது. தனக்கு மணி உண்டா இல்லையா என்பது இன்றுவரை அதற்குத் தெரியாது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் மூச்சு விடாதீர்கள். செம்போத்துக்குக் காது கூர்மை!

நீதி: நீ யார் என்பதை உன்னை விரட்ட வந்தவனிடம் கேட்காதே, நீ நாளும் செய்வதே அதைச் சொல்லும்.