இரண்டாவது கிண்ணம்

"நெருப்பு வைக்காம விட்டுட்டேன், அக்கா. என் பையன் எப்படிப் போய்ச் சேருவான்?"

நோதின் கையில் கடிதம் இருந்தது. மகன் செத்து ஐந்து மாதம் கழித்து வந்த கடிதம்.

வட அமெரிக்க ஏரிக்கரைகளில் வாழும் ஓஜிப்வே பழங்குடி மக்களில் இறந்தவர் மேற்கே நாலு நாள் நடக்க வேண்டும். அந்த நாலு நாளும் வீட்டார் நெருப்பை அணைய விடுவதில்லை. பக்கத்தில் சோறு வைப்பார்கள். இல்லாவிட்டால் நடப்பவன் இருட்டில் பசியோடு நிற்பான்.

நோதினின் மகன் வாசேயா பெரிய யுத்தத்தில், பிரான்சில் செத்தான். அவனைச் சண்டைக்கு அனுப்பிய நாட்டில் அவனுக்கு ஓட்டு கிடையாது. துப்பாக்கி மட்டும் கொடுத்தார்கள்.

நோதினுக்குச் சடங்குப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்த அக்காதான் அஜிஜாக். விறகு பிளந்துகொண்டே கேட்டார்.

"பிரான்ஸ் எந்தப் பக்கம்?"

"கிழக்கே. கடலுக்கு அப்பால."

"செத்தவன் எந்தப் பக்கம் நடக்கணும்?"

"மேற்கே."

"ஏழு வருஷமா என்கிட்ட பாட்டு கத்துக்கிட்டே. திசை கத்துக்கலை."

நோதின் ஏரியைப் பார்த்தார்.

"அப்ப இந்த வழியாத்தான் வருவான்," என்றார்.

"கடல் பெரிசு. இன்னும் வந்துக்கிட்டு இருப்பான்."

அன்றே நோதின் நெருப்பு மூட்டினார். அந்த வருடம் யாரோ அணை கட்டி ஏரியில் தண்ணீரை ஏற்றிவிட்டார்கள். ஏரியில் தானாக விளையும் காட்டரிசி முழுகி அழுகிப்போயிருந்தது. வீட்டில் நாலு பிடிதான் மிச்சம். நாளுக்கு ஒரு பிடி பொங்கி மகனுக்கு வைத்தார். தான் மட்டும் அன்றன்று வலையில் விழும் ஒற்றை மீனோடு நாளை ஓட்டினார்.

நாலாம் நாள் மத்தியானம் அஜிஜாக் வந்தார். ஒரு காலிக் கிண்ணத்தை வாசேயாவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருக்கு?"

கடிதத்தை மறுபடி சொல்லச் சொன்னார் அஜிஜாக். நோதின் சொன்னார். பதுங்குகுழியில் வாசேயாவும் ஒரு ஜெர்மன் பையனும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு பேர் உடலையும் ஒரே இடத்தில் எடுத்தார்கள்.

"அந்தப் பையனுக்கு வழி தெரியுமா?"

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப தெரிஞ்சவன் பின்னாலதான் வருவான்."

நோதின் காலிக் கிண்ணத்தை எடுத்துப் புல்லில் எறிந்தார். மகனைக் கொன்றவனுக்கு ஒரு பருக்கைகூட வைக்க மாட்டேன் என்றார். இருட்டில் நிற்கட்டும், நாய் மாதிரி நிற்கட்டும் என்றார்.

அஜிஜாக் போய்க் கிண்ணத்தை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வைக்க வேண்டாம். வாசேயா சாப்பிடும்போது எதிர்ல ஒருத்தன் பசியோட நின்னா, என்ன செய்வான்?"

நெருப்பில் இரண்டு விறகு எரிந்து தீர்ந்தது.

பிறகு நோதின் எழுந்து உள்ளே போனார். தனக்கென்று வைத்திருந்த மீனை எடுத்து வந்தார். அஜிஜாக்கின் மடியிலிருந்த கிண்ணத்தை வாங்கி அதில் மீனை வைத்தார்.

"முள்ளு நிறைய இருக்கு, அக்கா," என்றார். "அந்தப் பையனுக்கு எடுக்கத் தெரியுமோ என்னவோ."