ஆடு கரை சேர்ந்ததா?

முதலில் வாயை விட்டவர் நூலகர் செண்பகவல்லிதான். இதை எந்தச் சபையிலும் சொல்லலாம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கூட்டிப் பெருக்கி, புத்தகம் அடுக்குகிறவர் கோயில்பிச்சை. பத்துப் பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவரைப் பார்த்து நூலகர் கேட்டார்: "மூணாங்கிளாஸ் படிச்சவரு பிள்ளைகளுக்குப் புத்தகம் பொறுக்கிக் குடுக்கலாமா அண்ணாச்சி?"

பேச்சு ஷமீமாவைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு, படக்கதையைத் தாண்ட மாட்டேன் என்கிற பிள்ளை. நூறு பக்கக் கதை எதைக் கொடுத்தாலும் மறுநாளே திரும்பிவிடும். "இதுவும் திரும்பி வந்தா கார்டை ஒப்படைச்சிருதேன்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள்.

பரிசு வாங்கிய, பளபளப்பான புத்தகம் ஒன்றை நூலகர் எடுத்தார். கோயில்பிச்சை அட்டையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தை மூடிவைத்து ஓரத்தைப் பார்ப்பார். விரல் அழுக்கு எதுவரை போயிருக்கிறதோ, அதுவரை பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்று கணக்கு. நூலகர் எடுத்ததில் அழுக்கு பத்துப் பக்கத்தோடு நின்றிருந்தது. ஓர் ஆடு படகேறிப் போகிற கதையிலோ கடைசிவரை கறுப்பு. கடைசித் தாள் இன்னும் கறுப்பு. அதை ஷமீமாவிடம் நீட்டினார்.

"இதை அவ முடிச்சிட்டா, இதே பத்துப் பேர் முன்னால 'நான் சொன்னது தப்பு அண்ணாச்சி'ன்னு சொல்லுதேன்" என்றார் நூலகர்.

மூன்றாம் நாள் ஷமீமா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தாத்தா, ஆடு கரைக்கு வந்துச்சா இல்லையா? கடைசி அத்தியாயத்தையே காணோம்!"

அது எப்போதோ கழன்று விழுந்திருந்தது. ஓரத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவில்லை. நூலகர் அன்றைக்கே பஸ் ஏறி, அடுத்த ஊர் நூலகத்திலிருந்து முழுப் புத்தகம் கொண்டுவந்தார். ஷமீமா நின்ற இடத்திலேயே படித்து முடித்தாள்.

"நீங்க குடுத்ததுல முடிவே இல்லை. அதை எப்படி முடிச்சதாகும்?" என்றார் நூலகர்.

"அதுல இருந்த பக்கத்துல அவ எதைப் படிக்காம விட்டா, சொல்லுங்க மேடம்?" என்றார் கோயில்பிச்சை.

பந்தயத்தில் ஜெயித்தவர் யார்?

விடை: கோயில்பிச்சைதான். முடிவைக் கேட்டு அந்தப் பிள்ளை ஓடிவந்தாளே, அப்போதே பந்தயம் முடிந்தது. கடைசி அத்தியாயம் கழன்றதும் அத்தனை கை பட்டதால்தான். பஸ் ஏறிப் போன நூலகரின் மனசு பெரிது. அதைக் கோயில்பிச்சையே ஊரெல்லாம் சொல்லுகிறார். இப்போது புதுப் பிள்ளை யார் வந்தாலும், நூலகர் இரண்டு புத்தகங்களின் ஓரத்தை அவர் பக்கம் திருப்பி, "எது அண்ணாச்சி?" என்கிறார். அவரும் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறார். 'தப்பு' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் நூலகரிடமிருந்து இன்னும் வரவில்லை. பேப்பர் படிக்கிற பத்துப் பேரும் தினம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.