மாலை வாங்கிய பாறை

ஒரு காட்டில் கண்ணீர் துடைப்போர் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. தீயில் தாயை இழந்த குட்டிகள், காலொடிந்த குட்டிகள், வெள்ளத்தில் வளை போன குட்டிகள், எல்லாவற்றுக்கும் அது உதவி செய்தது. வாரம் ஒரு கூடைப் பழம் கொடுக்கும். அடிபட்ட காலுக்கு மரப்பட்டை வைத்துக் கட்டுப் போடும். நல்ல சங்கம்தான், குழந்தைகளே. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்குத் தலைவர் யார் தெரியுமா? மயில். செயலாளர் மைனா. மயிலுக்கு எதைச் செய்தாலும் நாலு பேர் பார்க்கச் செய்யவேண்டும். மைனாவுக்கோ வாய் ஓயாது. இரண்டும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? 'துன்பத்தை வென்ற குட்டி' என்று ஆண்டுக்கொரு விருது வைத்தன. விருது பெறும் குட்டிக்குக் குன்றின்மேல் ஒரு குகை கிடைக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஒழுகாத குகை.

அந்த ஆண்டு விருது பொட்டுவுக்கு என்று முடிவாயிற்று.

பொட்டு ஒரு சருகுமான் குட்டி. முயல் அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு. அதைப் பெற்ற தாய் காட்டுத்தீயில் செத்துப்போனது. எரிந்து விழுந்த கிளை ஒன்று பொட்டுவின் பின்னங்காலை ஒடித்தது. சங்கத்துக் கொக்கு வந்து கட்டுப் போட்டது. கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மழை வந்தால் போதும், ஈரத்தில் அந்தக் கால் விண்விண்ணென்று வலிக்கும்.

அந்தக் காலை வைத்துக்கொண்டே பொட்டு நடக்கப் பழகியது, ஓடப் பழகியது. பிறகு தினமும் ஆற்றைத் தாண்டி வந்து, இக்கரையில் இருக்கும் நொண்டிக் குட்டிகளுக்கெல்லாம் நடை பழக்கிக் கொடுத்தது. விருதுக்குத் தகுதியான குட்டிதான், சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். பொட்டுவை வளர்த்தது ஒரு காட்டுப்பன்றி.

அக்கரைச் சேற்றில் கிடக்கும் கிழட்டுப் பன்றி அது. தீ அணைந்த சாம்பலில் கிடந்த குட்டியை வாயால் கவ்விக் கொண்டுபோய், தன் வயிற்றோடு அணைத்துக் காப்பாற்றியது. ஆற்றில் கல்லுக்குக் கல் தாவித் தாண்டிவிடலாம். நடுவில் மட்டும் ஒரு பெரிய இடைவெளி. நல்ல கால் உள்ள மானே அங்கே யோசிக்கும். அந்த இடைவெளியில் போய்ப் பன்றி நின்றுகொள்ளும். பொட்டு அதன் முதுகில் கால் வைத்துத் தாண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, எத்தனையோ நாட்கள். பொட்டுவின் குளம்பு பட்டுப் பட்டுப் பன்றியின் முதுகில் இரண்டு இடத்தில் மயிரே இல்லாமல் வழுக்கையாகிவிட்டது.

விருதுக்கு முந்தின நாள் மைனா பறந்து வந்தது.

"நாளைக்கு மேடையில் என்ன பேசுவாய்? சொல்லு பார்ப்போம்."

"எங்கம்மா தீயில் இறந்துபோனாள். அப்புறம் பன்றியம்மா என்னை எடுத்து வளர்த்து..."

"நிறுத்து, நிறுத்து! பன்றியா? கேட்கிறவர்களுக்கு அழுகை வராது, சிரிப்புத்தான் வரும். அதுவும் உனக்கென்று ஓர் அம்மா இருந்தால், சங்கம் எதற்கு, விருது எதற்கு என்று கேட்க மாட்டார்களா? அந்தக் குகை யாருமே இல்லாத குட்டிக்குத்தான், தெரியுமில்லையா?"

பொட்டு தயங்கியது. "ஆனால், மைனா அக்கா, ஆற்று நடுவில் அம்மா முதுகில்தானே நான்..."

"பாறை என்று சொல்லு! ஆற்று நடுவில் ஒரு கறுப்புப் பாறை இருந்தது, அதில் கால் வைத்துத் தாண்டினேன் என்று சொல்லு. அதில் என்ன பொய்? கறுப்புதானே? அசையாமல் நின்றதுதானே?"

குகை கிடைத்தபிறகு அம்மாவையும் யாருக்கும் தெரியாமல் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்துப் பொட்டு தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டது. அதோடு இன்னொன்றும் உண்டு. தோகை விரித்த மயிலின் பக்கத்தில் சேறும் நாற்றமுமாக அம்மா வந்து நிற்பதை நினைத்தாலே பொட்டுவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆமாம், குழந்தைகளே, பெற்றவளைவிட மேலாக வளர்த்த அம்மாவை நினைத்துத்தான் அதற்குக் கூச்சம்.

அன்று மாலை பன்றி கேட்டது. "நாளைக்கு நானும் வரட்டுமா, கண்ணு?"

"வேண்டாம்மா. ரொம்பக் கூட்டமாக இருக்கும். இடித்துவிடுவார்கள்."

"சரி கண்ணு. நீ நன்றாகப் பேசு, அது போதும்" என்றது பன்றி.

மறுநாள் ஆலமரத்தடியில் காடே கூடியிருந்தது. மேடையேறிய பொட்டு கூட்டத்தைப் பார்த்தது. கடைசியில், எல்லாருக்கும் பின்னால், ஒரு புதர் ஓரமாக அம்மா நின்றுகொண்டிருந்தது. மனம் கேட்காமல் வந்துவிட்டது, பாவம். மூன்று முறை குளித்துவிட்டு வந்திருந்தது போலும், உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மகளைக் கண்டதும் அதன் வால் தானாக ஆடியது.

பொட்டு சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டது.

"எனக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை" என்று ஆரம்பித்தது. "தீயில் தாயை இழந்தேன். கால் ஒடிந்தது. ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் தவித்தேன். கைகொடுக்க ஆளில்லை. ஆற்று நடுவில் ஒரு கறுப்புப் பாறை மட்டும் இருந்தது. அதுதான் எனக்குத் துணை. அதில் கால் வைத்துத்தான் தாண்டினேன்."

கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது. மைனா சிறகால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'எப்படி?' என்பதுபோல் மயிலைப் பார்த்தது. மயிலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஆகா! யாருமில்லாத குட்டிக்குத் துணை நின்ற பாறை! குகையைக் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பாறைக்கு ஒரு மாலை போட வேண்டாமா? எல்லாரும் வாருங்கள் ஆற்றுக்கு!"

அப்போது நீர்நாய் எழுந்தது. ஆற்றில் இருக்கும் கல்லையெல்லாம் எண்ணி வைத்திருக்கும் நீர்நாய்.

"தலைவர் ஐயா, அந்த இடத்தில் பாறையே கிடையாது. எனக்குத் தெரியாமல் ஆற்றில் ஒரு கல் இருக்க முடியாது."

அங்கே தினமும் நின்ற பன்றியை அது பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். கல்லை எண்ணுகிறவர்கள் பன்றியை எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

"நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது" என்றது மயில்.

பொட்டு மேடையில் ஓரடி பின்வாங்கியது. அய்யய்யோ, மாட்டிக்கொண்டோமே! குகை போய்விடும், பொய்க்காரி என்று காடே காறித் துப்பும். திரும்பிப் புதர் ஓரம் பார்த்தது. அங்கே அம்மாவைக் காணவில்லை. 'நல்லவேளை, போய்விட்டாள்' என்றுதான் முதலில் நினைத்தது. அந்த நேரத்திலும் நினைப்பு அப்படித்தான் போயிற்று.

எல்லாரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மழை ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்ததால், ஆறு கலங்கலாக நிறைந்து ஓடியது. நீர்நாய் முன்னால் போய் நின்று, "பாருங்கள், நான் சொன்னேனே, இங்கே..." என்று ஆரம்பித்து, அப்படியே வாயை மூடிக்கொண்டது.

ஆற்று நடுவில், அந்த இடைவெளியில், தண்ணீருக்கு மேலே கறுப்பாக, வளைவாக, ஒரு பாறை இருந்தது.

"இதோ பாறை!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

மயில் பறந்து போய் அதன்மேல் ஒரு மாலையைப் போட்டது. மைனா பாறைமேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமியது. "அன்பான காட்டுவாசிகளே! பாறை என்பது என்ன? பாறைக்கு மனம் உண்டா? உண்டு! எப்படி என்று கேட்டால்..."

பொட்டு கரையில் நின்று அந்தப் பாறையைப் பார்த்தது. மாலைக்குக் கீழே, அருகருகே, மயிர் இல்லாத இரண்டு வழுக்கை இடங்கள் தெரிந்தன.

அம்மா! தலை முழுக்கத் தண்ணீருக்குள். மூக்கும் தண்ணீருக்குள்.

'இதோ, மைனா முடித்துவிடும். முடித்தால் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், அம்மா எழுந்துவிடுவாள்' என்று பொட்டு தனக்குள் சொல்லிக்கொண்டது. குகை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மைனாவாவது, முடிப்பதாவது!

"இரண்டாவதாக ஒன்று சொல்ல விரும்புகிறேன்..."

தண்ணீரில் ஒரு குமிழி எழுந்தது. பிறகு இரண்டு. பிறகு கொத்தாக நிறைய.

"மூன்றாவதாக..."

பாறை லேசாக நடுங்கியது. பிறகு அசையாமல் நின்றுகொண்டது. குமிழிகளும் நின்றுவிட்டன.

"அது பாறை இல்லை!" என்று பொட்டு அலறியது. "இறங்குங்கள்! அது என் அம்மா!"

கோணல் காலோடு கல்லுக்குக் கல் தாவி ஓடியது. மைனா பயந்து பறந்தது. பொட்டு அம்மாவின் முதுகில் விழுந்து, தண்ணீருக்குள் தலையை விட்டு, அதன் காதைப் பற்களால் பிடித்து மேலே இழுத்தது. "அம்மா! எழுந்திரும்மா! போதும்மா!"

பன்றி தலையைத் தூக்கியது. வாயிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. இருமியது. மூச்சு வாங்க முடியாமல் இழுத்து இழுத்து வாங்கியது. மாலை நழுவி அதன் கழுத்தில் தொங்கியது. மகளின் முகம் கண்ணுக்குத் தெரிந்ததும் அது மெதுவாகக் கேட்டது.

"குகையைக் கொடுத்துவிட்டார்களா, கண்ணு?"

பொட்டுவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மயில் தோகையை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்த மைனாவுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. தான் எண்ணியது சரிதான் என்று சொல்லிக்கொள்ள நீர்நாய்க்குக்கூட மனமில்லை.

பொட்டு பக்கத்துக் கல்லுக்குத் தாவிக் கரைப் பக்கம் திரும்பியது. "எனக்கு யாருமில்லை என்று சொன்னேன். பொய். தீயிலிருந்து என்னை எடுத்தது இவள்தான். தினமும் இந்த இடத்தில் நின்றதும் இவள்தான். குகைக்காக மறைத்தேன். இல்லை, அதுகூட இல்லை. எனக்கு... எனக்கு வெட்கமாக இருந்தது." பொட்டு ஓவென்று அழுதது.

"சரி, சரி, போதும்" என்றது பன்றி. "ஈரத்தில் நின்றால் கால் வலிக்கும். ஏறு, வீட்டுக்குப் போகலாம்."

சொல்லிவிட்டு, எப்போதும் போலத் திரும்பி நின்று முதுகைக் காட்டியது.

பொட்டு பக்கத்துக் கல்லில் நின்றுகொண்டே இருந்தது. காடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரம் முறை கால் வைத்த முதுகுதான். அன்றைக்கு அதில் ஒரே ஓர் அடி எடுத்து வைக்க, அதற்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

நீதி: நம்மைத் தாங்கி நின்றவரை மறைத்து வாங்கும் பெருமை, தலைகுனிவில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.