மூன்றாவது படத்து ஞானப்பல்

பல் மருத்துவ மாணவி ஜெபராணி, தாடை எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினாள். ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பும் நேரத்தில் துறைத் தலைவர் குலசேகரன் குறுக்கே வந்து நின்றார்.

“என் பேரை முதல்ல போடு. இல்லேன்னா கையெழுத்து கிடையாது!”

“போட்டுடலாம் சார். ஆனா யாரு என்ன செஞ்சாங்கன்னு பத்திரிகையில கேக்குறாங்களே?”

“ஏன், நான் எதுவுமே செய்யலையா?”

“செஞ்சிருக்கீங்களே! மூணாவது படம் உங்க ஞானப்பல்தான். போன மாசம் வலின்னு வந்தப்ப எக்ஸ்ரே எடுத்தோமே.”

தலைவருக்கு வாயெல்லாம் பல். “படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கே? படி!”

“‘இந்தப் பல் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பல்லை இடித்துத் தள்ளுகிறது.’ இது உங்களோடதுன்னு பேர் போட்டு எழுதிடட்டுமா சார்?”

தலைவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை ஜெபராணியின் பெயரில் வெளிவந்தது. மூன்றாவது படத்தில் ஞானப்பல் சுகமாகப் படுத்திருந்தது, பெயர் இல்லாமல்.