மாசிலாமணி அண்ணாச்சி நிமிர்த்திய பலகை

பொய் பேசாதபடி நாவைக் காத்தருளும் என்று ஜெபித்துவிட்டுத்தான் தினமும் வாசல் தெளிக்கிறேன். அதனால் இதில் வரும் பொய் ஒன்றுகூட என்னுடையது இல்லை. அத்தனையும் மாசிலாமணி அண்ணாச்சியைச் சேரும்.

எங்கள் சபைக்கு ரோட்டோரத்தில் ஒரு கிணறு உண்டு. எழுபது வருஷத்துக்கு முன்னால், மழையே இல்லாத ஒரு வருஷத்தில், ஏழு பெண்கள் சேர்ந்து வெட்டியது. என் மாமியார் வேதக்கண் அதில் ஒருவர். கடப்பாரை விழுந்து அவருக்கு இடதுகால் கட்டைவிரல் போனது. அந்த ஏழு பேரில் இப்போது ஒருவரும் இல்லை. கிணற்றுப் பக்கத்தில் ஒரு கல் நட்டு விவரம் எழுதிவிடலாம் என்று முடிவாகி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடினோம். கல் வெட்டுகிறவர் வெளியே சைக்கிளோடு காத்திருந்தார்.

அண்ணாச்சி பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். சபைக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, அதன்மேல் தன் பெயர், அப்பா பெயர், படிப்பு எல்லாம் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே உட்கார்ந்தால் சங்கீதம் வாசிக்க வெளிச்சம் வராது. மகனோடு பென்சில்வேனியாவில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

“பலகை விஷயம்னா என்னைக் கேளுங்க” என்று முன்னால் வந்து நின்றார்.

அமெரிக்காவில் ரோட்டோரம் முழுக்க வரலாற்றுப் பலகைதானாம். மகன் வீட்டிலிருந்து பால் வாங்கப் போகிற வழியில் மட்டும் நானூறு. நட இடம் போதாமல், ‘முன்பு இங்கே ஒரு பலகை இருந்தது’ என்று சொல்வதற்கே தனிப் பலகையாம். ஏதோ ஒரு ஜெனரல் ஒரே ராத்திரியில் அறுபத்துநாலு வீட்டில் தூங்கினாராம், வீட்டுக்கு வீடு பலகை.

“அறுபத்துநாலு வீட்டுல தூங்குனா எப்ப சண்டை போட்டாரு?” என்றாள் எஸ்தர்கனி. அவள் நாக்குக்கு நான் தனியாக ஜெபிப்பதுண்டு. அன்றைக்கு ஜெபிக்கவில்லை.

“தூக்கத்துலயே போட்டாரு. அதான் எதிரிக்கு ஒண்ணும் வெளங்கல.”

இதற்கே குருவானவர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி நிறுத்தவில்லை. ஊர் நடுவில் ஒரு இரும்புப் பலகை இருநூறு வருஷமாகச் சாய்ந்தே நின்றதாம். கிரேன் வைத்து இழுத்துப் பார்த்து, கிரேன்தான் சாய்ந்ததாம். அண்ணாச்சி ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது தோள் லேசாகப் பட்டிருக்கிறது. பலகை நிமிர்ந்துவிட்டது. அது நிமிர்ந்த வேகத்தில் எதிரே இருந்த கோபுரமும் நிமிர்ந்து, கிழக்கே ஓடின ஓடை மேற்கே திரும்பி, என்றைக்கோ நின்றுபோன மாவு மில் சுற்ற ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் ஊருக்கே ரொட்டி.

“மில்லுல கோதுமை யாரு போட்டா?” என்றாள் எஸ்தர்கனி மறுபடியும்.

“இருநூறு வருஷமா உள்ளதான கெடந்துச்சு, புள்ள.”

மறுநாளே அங்கே அவருக்குப் பலகை வைத்துவிட்டார்களாம், தங்க எழுத்தில். ‘மாசிலாமணி இங்கே ஷூ லேஸ் கட்டினார்.’ வாசிக்க நின்ற கார்களின் வரிசை அடுத்த மாநிலம் வரைக்கும் போனதாம்.

இதுவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புளுகால் யாருக்கும் நஷ்டமில்லை, போகட்டும். ஆனால் அடுத்ததாகக் கையை உயர்த்தி, “அந்த அனுபவத்துல சொல்லுதேன். நம்ம கெணத்த வெட்டுனது எங்க தாத்தா. தனியா. ஒரு கரண்டிய வச்சு, காலைக் காப்பிக்கு முன்னாடி. பொம்பளைய எல்லாம் குடத்தோட வந்து நின்னாவ, அவ்வளவுதான். கல்லுல தாத்தா பேரப் போடுங்க, கீழ எம்பேரு” என்றார்.

மாமியாரின் கட்டைவிரல் இல்லாத காலை நான் கடைசி நாள் வரைக்கும் கழுவித் துடைத்திருக்கிறேன். எழுந்தேன்.

“அண்ணாச்சி, எம் மக இருக்கதும் அதே ஊருதான். போன வருஷம் நாலு மாசம் நானும் இருந்தேன். மருமகன் ஒவ்வொரு பலகைக்கும் காரை நிறுத்தி ஒரு எழுத்து விடாம வாசிச்சுச் சொல்லுவாரு. அதை வைக்கிற சங்கத்துல அவரும் ஒரு ஆளு.”

“அப்ப என் பலகையையும் பார்த்திருப்பாரே, மைனி” என்றார், கூசாமல்.

“அந்தச் சங்கத்துல ஒரு விதி உண்டு. ஆளு செத்து அம்பது வருஷம் ஆனாத்தான் பலகை. நீங்க எப்ப செத்தீங்க, அண்ணாச்சி?”

எஸ்தர்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குருவானவர் குனிந்து, ஏழு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வேதக்கண் என்று நான்தான் சொன்னேன். தாளைக் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்து அனுப்பினோம்.

அவர் சைக்கிளை எடுக்கும்போது அண்ணாச்சி கேட் வரைக்கும் கூடவே போனாராம்.

“தம்பி, கல்லுக்குப் பின்பக்கம் சும்மாதான இருக்கு?”