ஞானதுரையின் பச்சை டிக்

நாகர்கோவில் பக்கம் ஒரு பஸ் கம்பெனி. அங்கே சிஸ்டம் மேனேஜர் ஞானதுரை வைத்ததுதான் சட்டம். டிக்கெட் புக்கிங் மொத்தமும் அவருடைய லினக்ஸ் சர்வரில் இருந்தது. அதிலுள்ள விவரங்களை நகலெடுத்துவைக்கும் டேட்டாபேஸ் பேக்கப் தினமும் தானாக ஓடும், திரையில் பச்சை டிக் விழும். அந்த டிக்கைக் காட்டிக் காட்டியே மனுஷர் மீசையை முறுக்குவார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த முத்தரசி ஒருநாள், "அந்த பேக்கப் ஆபத்துக்கு உதவுமா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். ஞானதுரை அவளை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"என் சர்வரைத் தொடக் கூடாது, பாஸ்வேர்டும் தர மாட்டேன். பேக்கப் சரியில்லைன்னு இப்பவே நிரூபி. முடியலைன்னா வீட்டைப் பார்த்துக் கிளம்பு!"

"நான் எதுக்கு சார் தொடணும்? நீங்களே தொடுங்க. பொங்கல் புக்கிங் அத்தனையும் அழிச்சிருங்க. அதான் பேக்கப் இருக்கே, உடனே திருப்பி ஏத்திரலாம்."

முதலாளி சிரித்தார். "அதுக்கென்ன, செஞ்சு காட்டும் ஞானதுரை."

ஞானதுரை அழிக்கும் கட்டளையை டைப் செய்தார். எண்டரைத் தட்டப் போன விரல் அந்தரத்திலேயே நின்றது.

"என்னய்யா யோசனை?"

"தினமும் எடுக்கிறோம் முதலாளி... திருப்பி ஏத்தித்தான் பார்த்ததே இல்ல."

முதலாளி முதல் வேலையாகக் கீபோர்டை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்திவைத்தார். பிறகு முத்தரசியிடம் திரும்பினார். "பேக்கப் கெட்டுப்போயிருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கெட்டிருக்கா, நல்லா இருக்கான்னு எனக்கும் தெரியாது முதலாளி. சாருக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."